இடது பக்கத்துப் பின்

நீ பாதிப் பேச்சில் ஃபோனை வைத்துவிட்டாய். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி ஏன் எழுதுகிறாய் என்று கோபம் வரும். உன் நைனாவின் சாவுக்கு நீதான் காரணம் என்று சொன்னவர்கள் அதை உன் காதில் மட்டும் சொல்லவில்லை. காரியத்துக்கு வந்த இடத்தில் சொன்னார்கள், திருத்தணி பஸ்ஸில் சொன்னார்கள், பூக்கடையில் என்னிடமே ஆறுதல் மாதிரி சொன்னார்கள். அப்படி ஊர் முழுக்கப் போனதை உன் அறைக்குள் வரும் ஒரு கடிதத்தால் திருத்த முடியாது. நம் பெயர்களை எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், அவர்களுக்குத்தான் தெரிய வேண்டும்.

தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன், ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், நீயும் உன் அப்பாவான நைனாவும் நம் கீழ்க்காட்டில் ஒரு மேட்டைச் சமன்செய்துகொண்டிருந்தீர்கள். டிராக்டரின் பின்னால் பிளேடு மாட்டியிருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு வளைந்த இரும்புத் தகடு அது, மண்ணை வழித்துத் தள்ளிக்கொண்டே வரும். நீ சீட்டில் உட்கார்ந்திருந்தாய். பிளேடை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு, அதைக் கொஞ்சம் சாய்த்து வைக்க நைனா பின்னால், இடது மூலைக்குப் போய்க் குனிந்தார். பிளேடு அவர் பாதத்தின் மேல் விழுந்தது. தூக்கவும் இறக்கவும் உள்ள லீவர் உன் கைக்குப் பக்கத்தில் இருந்தது. "இன்னாத்துக்குடா அமுக்கினே?" என்று அவர் கேட்டார். காரில் போகும்போது, காவடிக் கூட்டத்துக்குள் வண்டி நகராமல் நின்றபோது, இன்னொரு முறை அதையே கேட்டார். சர்க்கரை இருந்த உடம்பு. காயம் ஆறவில்லை, காலை எடுத்தார்கள், அதற்குப் பிறகும் சீழ் நிற்கவில்லை. உன்னிடம் அவர் நேராகப் பேசிய கடைசி வார்த்தை அந்தக் கேள்விதான். அதற்கு நீ பதில் சொல்லவே இல்லை. பதில் சொல்லாததால் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். நீயும் நம்பினாய்.

இப்போது மஸ்கட்டுக்குப் போகிறாய். போவதற்கு முன் உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு செய்தி: கொல்லையில் கிடக்கும் அந்தப் பிளேடைக் காயலான் கடையில் போட்டுவிடு, நான் போகும்போது அது வீட்டில் இருக்கக் கூடாது. சரி என்றேன். டிராக்டரை அந்த வருஷமே விற்றுவிட்டோம். பிளேடை மட்டும் யாரும் தொடவில்லை. வேப்ப மரத்தடியில் பாதி மண்ணுக்குள் இறங்கி, அதன் மேல் முடக்கத்தான் கொடி படர்ந்திருந்தது. காயலான் கடைக்குத்தான் சொல்லி அனுப்பினேன். அதற்குள் நம் தெருக் கடைசியில் இருக்கிற பட்டறைக்காரர், நகரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ரெட்டி ஒருவர் தோப்புப் பாதையைச் சீராக்கப் பழைய பிளேடு தேடுகிறார் என்றார். ஆனால் அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் வேண்டுமாம். "கம்பெனி பிளேடா, பட்டறை பிளேடா, எந்த வண்டிக்கி செஞ்சது? அது தெரியாம வாங்கமாட்டாரும்மா. ரெட்டி கொஞ்சம் கறாரு."

"நீங்களே பாத்து சொல்லுங்களேன்."

"இதுல பாக்கறதுக்கு இன்னா இருக்குது. ராணிப்பேட்டைப் பக்கம் எவனோ பட்டறைல அட்ச்சது. அட்டையும் இல்ல, பேரும் இல்ல."

பெயர் எழுதிய தகடு இல்லைதான். ஆனால் அதை ஆணியடித்து வைத்திருந்த இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன. நான் விலங்கியல் படித்தவள், அதைத்தான் கல்லூரியில் நடத்துகிறேன். ஜாடியில் ஒட்டிய பெயர்ச்சீட்டு உதிர்ந்துபோனால் உயிரியைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளிடம் சொல்கிறேன். சொல்லிக்கொண்டே இருப்பவள் ஒரு முறை செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதோடு, அந்தப் பொருளைப் பார்க்கவே கூடாது என்று மூன்று வருஷமாகக் கொல்லைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது. கல்லூரி விடுமுறையில் ஒரு கம்பி பிரஷ், சுரண்டும் தகடு, ஒரு கேன் டீசல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டறைக்காரர் போகும்போதும் வரும்போதும் வேலிப் பக்கம் நின்று, "இன்னா டீச்சரம்மா, பல்லு வெளக்கிவுட்டாச்சா அதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

முதலில் வந்தது பெயின்ட். நம் வீட்டில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எல்லாக் கருவிக்கும் பெயின்ட் அடிப்பது உனக்குத் தெரியும். துரு, மண், கிரீஸ் எதையும் துடைக்காமல் அதன் மேலேயே அடித்துவிட்டு, காய்ந்ததும் சந்தனம் குங்குமம் வைத்து, அடுத்த வருஷம் அந்தச் சந்தனத்தின் மேலும் அடிப்பார்கள். சுரண்டச் சுரண்டச் சிவப்பு, பிறகு ஒரு மஞ்சள் பொருக்கு, மறுபடி சிவப்பு. எல்லாச் சிவப்பும் முடிந்த பிறகு அடியில் நீலம் இருந்தது. கருவிக்கு எப்போதும் வண்டியின் நிறத்தைத்தான் அடிப்பார்கள். நைனா வாங்கிய டிராக்டர் சிவப்பு. உன் தாத்தா வைத்திருந்தது சின்ன நீல டிராக்டர், நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அது வாசலில் நின்றது. நீ பிறக்கும் முன் விற்றுவிட்டார்கள். அப்படியானால் இந்தப் பிளேடு முதலில் அந்தச் சின்ன வண்டிக்கு வந்தது. நீலத்துக்கும் அடியில், சட்டத்தின் பின்புறம் இரும்பில் பதித்த எண்கள் தெரிந்தன. பிளேடைத் திருப்பும் வட்டத் தகட்டில் துளைகள் எல்லாம் ஒரே இடைவெளியில், அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. கை வேலை இல்லை. பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "கம்பெனிதான். சரி, நான் ஒத்துக்கறேன். ஆனா ரெட்டிகிட்ட நான்தான் கண்டுபுடிச்சேன்னு சொல்லுவேன்" என்றார். சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். இந்த வீட்டில் நான் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தது அன்றுதான்.

எந்த வண்டிக்கு என்பதில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. டிராக்டரின் பின்னால் இரண்டு இரும்புக் கைகள் நீண்டிருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளை. பிளேடின் சட்டத்தில் இடதும் வலதுமாக இரண்டு பின்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றை அந்தத் துளைகளில் நுழைத்துத்தான் மாட்டுவது. பிளேடின் முழுப் பாரமும் அந்தப் பின்களில்தான். சின்ன வண்டிக்குப் பின் ஒல்லி, பெரிய வண்டிக்குத் தடிமன். வலது பக்கத்துப் பின்னை டீசல் ஊற்றித் துடைத்தேன். ஒல்லிப் பின், அதன் மேல் தண்ணீர்க் குழாயை அறுத்து ஒரு வளையம் போட்டிருந்தது. சின்ன வண்டியின் பிளேடைப் பெரிய வண்டிக்கு மாட்ட நைனா செய்த வேலை. இடது பக்கம் பின்னே இல்லை. அது நிற்க வேண்டிய சட்டத்தின் துளைக்குள் மண்ணும் கிரீஸும் பெயின்ட்டும் கல்லாக இறுகிக் கிடந்தன. இரண்டு நாள் டீசலில் ஊறவிட்டுக் குத்தி எடுத்தபோது உள்ளே இரும்பு தட்டுப்பட்டது. சட்டத்தின் விளிம்போடு ஒடிந்து, உள்பாதி மட்டும் துளைக்குள் தங்கியிருந்தது. வழவழப்பான பின் இல்லை அது. உடம்பெல்லாம் வரி வரியாக இருந்தது. கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பி.

மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மேலே இன்னொரு மாடி எழும்பும் என்று தூண்களுக்கு மேல் விட்டுவைத்த கம்பிகள் இன்னும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அதே கனம், அதே வரி. ஆனால் கம்பி ஒத்துப்போவதால் மட்டும் எதுவும் முடிவாகாது. எப்போது ஒடிந்தது என்பதுதான் கேள்வி. பிளேடைக் கொல்லைக்கு இழுத்து வந்தபோதும் ஒடிந்திருக்கலாம். ஒடிந்த இடத்தில் மூன்று வருஷத் துரு எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியிருந்தது. அதைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. அன்று பிளேடை வண்டியிலிருந்து கழற்றியவர் உன் பெரியநைனா, நைனாவின் அண்ணன். அவரிடம் போனேன். முற்றத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"பாவா, அன்னிக்கி பிளேடைக் கழட்டுனது நீங்கதானே?"

"ஆங். வேற யாரு இருந்தாங்க. நீங்கள்லாம் ஆஸ்பத்திரிக்கி போயிட்டீங்க."

"ரெண்டு பக்கமும் கழட்டுனீங்களா?"

கை நின்றது. மடியில் இருந்த தோலை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினார். "ஒரு பக்கந்தான் மாட்டிக்கினு இருந்துச்சும்மா."

"இடது பக்கம்?"

"தொங்கிக்கினு இருந்துச்சு. கம்பி ஒடைஞ்சி போச்சி."

"அது கம்பின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம இன்னா. அவன் அறுக்கசொல்ல புடிச்சிக்கினு இருந்ததே நான்தானே. பின்னு எங்கியோ காணாப் போச்சி. 'இப்போதைக்கி இது போதும்ணா, நாளைக்கி அரக்கோணம் போயி வாங்கியாறேன்'னான். அப்பால ஆயுத பூஜை வந்துச்சி. மேல பெயின்ட்டு அட்ச்சிட்டோம். அப்பால யாருக்கு நெனப்பு இருக்கும்."

"ஏன் பாவா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? தன் கால்ல தானே போட்டுக்கினான்னா? செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லுவானா? பையன் சின்னவன், வேலைக்கிப் போவான், கல்யாணம் ஆவும், மறந்துடுவான்னு இருந்துட்டேன்."

"அவன் மறக்கலையே."

"ஆங்" என்றார். பிறகு, "நானே அவன்கிட்ட சொல்லட்டுமா?" என்று ஃபோனை எடுத்தார். நீ எடுக்கவில்லை. எடுக்க மாட்டாய் என்று அவருக்கும் தெரியும். அவருடைய எண்ணைப் பார்த்தால் நீ எடுத்து எத்தனை காலம் ஆகிறது. உரித்த கடலையை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் மேல் கோபப்பட வேண்டும் என்று வீடு வரும் வரை முயன்றேன். தம்பியை விட்டுக்கொடுக்காத மனிதர். அதற்கு விலையாக உன்னைக் கொடுத்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்று மாலைதான் உன்னைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நீ அழுவாய் என்று நினைத்தேன், அல்லது நிம்மதியாக ஒரு மூச்சு விடுவாய் என்று. நீ கேட்டாய், "அப்போ நைனா என்கிட்ட கேட்டது பொய்யா?"

"பொய் இல்லடா. அவருக்கு அந்த நேரத்துல தெரியல."

"கம்பிய போட்டவருக்குத் தெரியாதா?"

"டேய், கேளு" என்றேன். "என் மேலயே இருக்கட்டும்மா. எடுத்து அவர் மேல வெக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு நான் சமைக்கவில்லை, கூடத்தில் உட்கார்ந்தே இருந்தேன். நீ சொன்னது எனக்குப் புரிகிறது. குற்றம் உன்னுடையதாக இருந்தால் அவர் நல்லவராகவே இருப்பார். இத்தனை வருஷமும் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டுதான் நீ அவரோடு இருந்திருக்கிறாய். நான் அதையும் பிடுங்குகிறேன் என்று தோன்றியிருக்கும். ஆனால் மகனே, நான் அவரோடு இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தவள். எனக்குத் தெரிந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்ல விடு. எதையும் தூக்கிப் போடத் தெரியாதவர். குக்கரின் கைப்பிடி உடைந்தால் மரக்கட்டை செதுக்கி மாட்டுவார். என் மூக்குக் கண்ணாடியின் காது ஒடிந்தபோது சைக்கிள் டியூபை மெல்லிசாக அறுத்துச் சுற்றிக் கொடுத்தார், அதைப் போட்டுக்கொண்டே நான் ஒரு செமஸ்டர் வகுப்பு எடுத்தேன். நீ மூன்றாம் வகுப்பில் அழுது கேட்ட ரிமோட் கார் ஓடாமல் போனதும், பிரித்து உள்ளே டார்ச் பாட்டரியைக் கட்டி ஓடவைத்தார். நீ அவரை ஒரு கடவுளைப் பார்ப்பது போலப் பார்த்தாய். நானும் கொஞ்சம் அப்படித்தான் பார்த்தேன். அந்த மரக்கட்டைக் கைப்பிடியைச் செய்த அதே கைதான் கம்பியை அறுத்து மாட்டியது. அவரிடம் நாம் நேசித்த குணமும் அவரைக் கொன்ற குணமும் ஒன்றேதான். இதை எழுதும்போது எனக்கு அவர் மேல் ஆத்திரம் வருகிறது. அரக்கோணத்துக்கு ரயிலில் போனால் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒரு பின் வாங்குவதற்கு? ஆத்திரம் வருகிறது, ஆனால் அவர் சட்டைகளில் ஒன்றைக்கூட இதுவரை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே மனதில் இருக்க முடிகிறது. உன்னாலும் முடியும்.

அவருக்குத் தெரியுமா என்று கேட்டாயே. தெரியாது என்றுதான் எழுத வேண்டும். வலியில் அவர் பார்த்தது விழுந்த பிளேடையும் லீவருக்குப் பக்கத்தில் இருந்த உன் கையையும். பிறகு ஆஸ்பத்திரியில், படுத்துக்கிடந்த நாட்களில், கம்பி நினைவுக்கு வந்ததா? என்னிடம் சொல்லவில்லை. நான் உள்ளே போகும்போதெல்லாம், "பையன் சாப்ட்டானா?" என்று மட்டும் கேட்பார். நீ வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாய். சாப்பிட்டான் என்பேன். அதற்கு மேல் அந்தக் கேள்விக்குள் ஏதாவது இருந்ததா என்று தோண்டிப் பார்த்துவிட்டேன். கோபம் இல்லை. அதற்கு மேல் நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது. இல்லாத ஒன்றைச் செய்து உனக்குக் கொடுக்க மாட்டேன். அப்போதைக்குச் சரிசெய்த ஒன்றால்தான் இவ்வளவும் நடந்தது.

பிளேடை ஒழுங்காகச் சரிசெய்தேன். கம்பித் துண்டைப் பட்டறைக்காரர் சூடுகாட்டித் தட்டி எடுத்தார். அரக்கோணத்தில் கடைசல் போடும் இடத்தில் கொடுத்து இரண்டு பக்கத்துக்கும் புதுப் பின் செய்து வாங்கினேன், சட்டத்துக்குள் போகும் பகுதி ஒல்லியாகவும் வெளியே நீளும் பகுதி தடிமனாகவும். மண்ணை வெட்டும் அடிப்பட்டை ஒரு பக்கம் தேய்ந்திருந்தது, அதைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் புதிதாக இருக்கிறது. துருவெல்லாம் போன பிறகு ஒரே ஒரு பூச்சு அடித்தேன். பின்களின் மேல் அடிக்கவில்லை. உனக்குச் சொல்ல எனக்கு வேறு பெரிய புத்திமதி எதுவும் இல்லை. தற்காலிகமாகச் செய்த எதன் மேலும் பெயின்ட் அடித்துவிடாதே. அது தெரியும்படி அசிங்கமாகவே இருக்கட்டும், அப்போதுதான் மாற்ற வேண்டும் என்ற நினைப்பு இருக்கும்.

நேற்று ரெட்டி தன் டிராக்டரோடும் டிரைவரோடும் வந்தார். டிராக்டர் நம்முடையதைப் போலவே பெரியது. பிளேடை மாட்டினார்கள். புதுப் பின்கள் இரண்டும் சரியாக உட்கார்ந்தன. தூக்கச் சொன்னேன். முழங்கால் உயரத்துக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னேன். அதன் பின்னால், இடது மூலைக்குப் பக்கத்தில், நைனா நின்ற இடத்தில் போய் நின்று காலை அடியில் வைத்தேன்.

"அம்மா, காலு எடுங்கம்மா. இன்னா வெளையாட்டு இது?" என்றான் டிரைவர்.

"இறக்குங்க."

"சார், இந்தம்மா இன்னா சொல்றாங்க பாருங்க சார். நாளைக்கி கேஸு கீஸு ஆனா என்னியத்தான் கேப்பாங்க."

ரெட்டிக்குக் கதை தெரியும், பட்டறைக்காரர் சொல்லியிருப்பார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மெதுவா எறக்குடா" என்றார். மெதுவாக வேண்டாம், லீவரை முழுக்க அமுக்குங்கள் என்றேன். அவன் முனகிக்கொண்டே அமுக்கினான். எனக்குப் பயமாக இருந்தது. பிளேடு இறங்கியது. இரண்டு மூலையும் ஒன்றாக, ஒரே மட்டத்தில், ஒரு பெருமூச்சு போல இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே காலை எடுத்துக்கொண்டேன். மறுபடி ஒரு முறை செய்யச் சொன்னேன். மறுபடியும் காலை எடுக்க நேரம் இருந்தது. "போதும்மா, இன்னொரு வாட்டி நான் அமுக்கமாட்டேன்" என்றான் அவன். போதும் என்றேன்.

அது வேறு டிராக்டர். அதன் லிஃப்ட் நம்முடையதைவிட மெதுவாக இருக்கலாம். உன் விரல் அன்று லீவரில் பட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, உனக்கே தெரியாது. ஆனால் நீ முழுக்க அமுக்கியிருந்தாலும் அது இப்படித்தான் இறங்கியிருக்கும், அவர் விலகியிருப்பார். விழுந்தது ஒரு மூலை மட்டும், ஒரே நொடியில், கம்பி ஒடிந்ததால். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதில் ஒரு சொல்லைக்கூட உன் மனசுக்காக நான் கூட்டவில்லை.

நீ விமானம் ஏறும் முன் வீட்டுக்கு வருவாயா என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் உன்னைக் கேட்ட கேள்வி இன்னும் பதில் இல்லாமல் கிடக்கிறது. எங்கே இருந்தாலும் எனக்கு ஃபோன் செய்து, "அது என்னால விழல நைனா" என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல். கேட்க அவர் இல்லை. நான் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா